சுடாத துப்பாக்கிகள் பறந்த நாள்

நம் பட்டறையில் புதிதாகச் சேருகிறவர்களை முதல் நாளே இரண்டு வகையாகப் பிரித்துவிடலாம். மேசைமேல் கிடக்கும் துப்பாக்கியைப் பார்த்ததும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறவர்கள் ஒரு வகை. அதைத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சுவரில் இருக்கும் பல்லியைக் குறிபார்க்கிறவர்கள் இன்னொரு வகை. புதிதாக வந்திருக்கும் உங்களில் யார் எந்த வகை என்று பாபு ஏற்கெனவே என்னிடம் சொல்லிவிட்டான். பெயரைச் சொல்லி மானத்தை வாங்க மாட்டேன். நான் சேர்ந்தபோது முதல் வகை. செத்த எலியை அப்புறப்படுத்துகிற மாதிரி நுனிவிரலால்தான் பிடிப்பேன். "அக்கா, அது கடிக்காது" என்று பாபு தினமும் சொல்வான்.

பயப்பட ஒன்றும் இல்லை. நம்மிடம் வருவது எதுவும் சுடாது. ராணுவப் பயிற்சியில் தோளில் ஏற்றவும் இறக்கவும் பழகுவதற்காகவே செய்யப்பட்ட டம்மி ரைபிள்கள் இவை. குழலுக்குள் இரும்பு அடைத்திருக்கும். வருடக்கணக்காகப் பழகி, உடைந்து, கழித்துவிட்ட பிறகு, ஏலத்தில் எடுத்த உதிரிகளாகச் சாக்கில் வந்து இறங்கும். ஒன்றின் கட்டை, இன்னொன்றின் பின்தகடு, வேறொன்றின் வார் வளையம். இவற்றைச் சேர்த்து முழுத் துப்பாக்கியாக்கி, ஏதோ ஒரு கல்லூரிப் பிள்ளையின் தோளில் ஏற்றுவதுதான் நமக்குச் சோறு போடும் வேலை.

எப்படி இழைப்பது, எப்படி எண்ணெய் ஏற்றுவது என்பதையெல்லாம் பாபு காட்டித்தருவான். அதற்காக என்னை இங்கே கூப்பிடவில்லை என்று நினைக்கிறேன். ஓய்வுபெற்றவளைக் கூப்பிட்டு நாற்காலி போட்டால் அவள் கதைதான் சொல்வாள். ஒரே ஒரு கதை சொல்கிறேன். இந்த வேலையில் நான் மிகவும் பயந்த நாளும் மிகவும் சந்தோஷப்பட்ட நாளும் ஒரே நாளாகவே அமைந்தன. அந்த நாளின் கதை.

அந்த வருடம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஏரிகளெல்லாம் நிரம்பி, போகிற வழியில் இருந்த தெருக்களையும் பார்த்துவிட்டுப் போயின. குரோம்பேட்டையில் நம் பட்டறைப் படிவரை தண்ணீர் வந்து, கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பியது. மழை வெறித்த ஒரு காலையில், பெட்ஷீட்டில் சுற்றிய நீளமான எதையோ குழந்தையைப்போல அணைத்துக்கொண்டு ஒரு பெண் படியேறி வந்தாள். பெயர் நிவேதா. தாம்பரம் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் கடைசி வருடம், அங்கே பயிற்சிப் படையின் தலைவி.

"ஷேர் ஆட்டோவுல வந்தியா? இதத் தூக்கிக்கிட்டா?" என்றேன்.

"ஆமாக்கா. பெருங்களத்தூர்ல எல்லாரும் இறங்கிட்டாங்க. இதோட முனை லேசா வெளிய தெரிஞ்சிடுச்சு. டிரைவர் அண்ணா மட்டும்தான் பாவம், இறங்க முடியல. டம்மின்னு சொன்னேன். 'தெரியும்மா, ஆனா அது என்னையே பாத்துகினு கீதேம்மா'ன்னாரு."

பாபு சிரித்த சிரிப்பில் கையில் இருந்த உளி கீழே விழுந்தது.

பெட்ஷீட்டைப் பிரித்தபோது எங்களுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ரைபிளின் கட்டை முழுக்கச் சேறு. மரம் ஊதிப்போய், இரும்புப் பட்டைகள் அதன் சதையில் பதிந்திருந்தன. கல்லூரியில் தரைத்தளத்து அறையில் வைத்திருந்த அத்தனை ரைபிள்களும் தண்ணீரில் ஊறிக் கிடந்தனவாம். அவள் வீடு பீர்க்கன்கரணையில். அங்கும் தண்ணீர் புகுந்திருந்தது.

"வூட்டுக்குள்ள தண்ணி வந்து நிக்குது, நீ துப்பாக்கியத் தூக்கிகினு சுத்துறியேம்மா?" என்று பாபு கேட்டான்.

"வீட்ட அம்மாவும் தம்பியும் பாத்துக்கிறாங்க அண்ணா. இதப் பாக்கத்தான் ஆள் இல்ல."

விஷயம் இதுதான். பொங்கல் முடிந்ததும் மாவட்ட அளவில் ஒரு போட்டி. மௌன அணிவகுப்பு என்று அதற்குப் பெயர். யாரும் ஆணை கொடுக்க மாட்டார்கள், விசில் கிடையாது, கொட்டு கிடையாது. எட்டுப் பேர் ஒரு வரிசை, எதிரே எட்டுப் பேர். மனதுக்குள் எண்ணிக்கொண்டே ரைபிளைச் சுழற்றி, எறிந்து, எதிர்வரிசை எறிந்ததைப் பிடிக்க வேண்டும். பெண்கள் அணி ஒன்று அந்தப் போட்டிக்குத் தேர்வானது அதுவே முதல் தடவை. ரைபிள் இல்லையென்றால் பெயரை விலக்கிக்கொள்ளும்படி கல்லூரியில் சொல்லிவிட்டார்கள்.

முதலாளி கணக்குப் போடுகிறவர். "எஸ்தர், மரம் காயவே மாசம் ஆகும்" என்றார். சாக்குகளில் பழைய கட்டைகள் நிறைய இருப்பதைச் சொன்னேன். தேறுகிற கட்டைகளைக் காப்பாற்றலாம், தேறாதவற்றுக்குப் பதில் உதிரிகளில் இருந்து எடுத்துக்கொள்ளலாம். அவர் யோசிக்கும்போதே நிவேதா குனிந்து, தரையில் கிடந்த உளியை எடுத்துத் துடைத்து, மேசைமேல் அதன் இடத்தில் சரியாக வைத்தாள். முதலாளி அதைப் பார்த்தார். "சரி, கொண்டாரச் சொல்லு" என்றார்.

அடுத்த சில வாரங்கள் எங்களுக்குத் திருவிழா. சாக்குகளைக் கொட்டிப் பொறுக்கினோம். ஒரு கட்டையில் யாரோ ஒரு வீரன் ஆணியால் தன் காதலியின் பெயரைக் கீறி வைத்திருந்தான், இன்னொன்றில் அதே கைவண்ணத்தில் வேறொரு பெயர். வேறொரு சாக்கின் அடியில் சீப்பு ஒன்று கிடைத்தது. வெள்ளத்தில் தப்பித்த பழைய கட்டைகள் கறுத்த மரம். உதிரிகளில் கிடைத்தவையோ வெளிர்ந்த மரம், கோதுமை நிறம். இரண்டும் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக வெளிர்ந்தவற்றுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றி மேலே பாலீஷ் போட்டோம். ஒவ்வொன்றையும் தராசில் வைத்து, குறைந்ததற்குக் கட்டைக்குள் ஈயம் சேர்த்து, எல்லாம் ஒரே எடை வரும்படி பார்த்துக்கொண்டோம். முடித்து வரிசையாகச் சாத்தி வைத்தபோது, கல்யாண வீட்டுக்குப் போகப் புறப்பட்டு நிற்கிற அண்ணன் தம்பிகள் மாதிரி இருந்தன.

கல்லூரி மைதானத்தில் கொண்டு இறக்கினோம். படைக்குப் பொறுப்பாக இருந்த கிரேஸ் மேடம் ஆங்கிலப் பேராசிரியை. ஒரு ரைபிளைக் கையில் வாங்கி, அதன் பளபளப்பில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டார். "பியூட்டிஃபுல் எஸ்தர்! தோற்றத்துக்குன்னு தனியா மார்க் இருக்கு, அதுல நமக்கு முழு மார்க்" என்றார். பாபு என் காதருகில், "பத்தாங்கிளாஸ்லகூட எனக்கு யாரும் முழு மார்க்குன்னு சொன்னதில்லக்கா" என்றான்.

பெண்கள் வரிசையில் நின்றார்கள். முதல் எறிதல். நான்கைந்து ரைபிள்கள் தரையில் விழுந்தன. இன்னும் கைக்குப் பழகவில்லை என்று சிரித்துக்கொண்டார்கள். இரண்டாவது எறிதல். மறுபடியும் விழுந்தன. மூன்றாவதில் ஷாலினி என்ற ஒல்லியான பெண்ணுக்குப் பின்கட்டை சுழன்று வந்து மணிக்கட்டில் அடித்தது. அவள் அழவில்லை. கையை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நிவேதா என்னிடம் ஓடி வந்தாள். சொல்லத் தயங்கினாள். "பாக்க சூப்பரா இருக்குக்கா. நெஜமாவே. ஆனா..."

"சொல்லும்மா."

"ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி சுத்துதுக்கா. இது முன்னாடி இழுக்குது, அது பின்னாடி தள்ளுது. எறியறப்ப எங்க வந்து விழும்னே தெரியல."

கிரேஸ் மேடம், "புதுசுல்ல, ரெண்டு நாள் பழகினா சரியாயிடும்" என்றார். போனில் முதலாளியும் அதையேதான் சொன்னார். தங்கைகளே, தம்பிகளே, நம் வேலையில் மிகவும் கஷ்டமான நேரம் இதுதான். செய்து முடித்த பொருள் கண்ணெதிரே அழகாக நிற்கிறது. பணம் கொடுக்கிறவருக்குத் திருப்தி. முதலாளிக்குத் திருப்தி. அதைக் கையில் பிடிக்கிற பிள்ளை மட்டும் சரியில்லை என்கிறாள். மூன்று பேர் ஒரு பக்கம், ஒருத்தி ஒரு பக்கம். ஆனால் எறியப்போவது அவள்தான்.

நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வரிசையில் போய் நின்றேன். பெண்கள் ஹோவென்று கத்தினார்கள். "அக்கா வேணாம்!" என்று நிவேதா சொல்லச் சொல்ல, "எறி" என்றேன். முதலாவதைப் பிடித்தேன். எனக்கே நம்ப முடியவில்லை. அடுத்ததை வாங்கும்போது அது கையைச் சுழற்றிக்கொண்டு போய்ப் புல்லில் விழுந்தது, நானும் அதன் பின்னாலேயே போய் உட்கார்ந்தேன். மைதானமே சிரித்தது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்த ஷாலினியும் சிரித்தாள். விழுந்தது வலித்தாலும் விஷயம் கைக்குப் புரிந்துவிட்டது.

"எல்லாம் ஒரே எடைதானக்கா, தராசுல பாத்தோமே!" என்றான் பாபு.

"தராசு எறியப்போறதில்லையே பாபு."

அவன் ஒரு ரைபிளை ஒற்றை விரலில் குறுக்கே வைத்துப் பார்த்தான். நடுப்பட்டைக்கு முன்னால் நின்றது. இன்னொன்று கைப்பிடிக்குப் பக்கத்தில் நின்றது. மொத்த எடை ஒன்றுதான். அந்த எடை உட்கார்ந்திருக்கும் இடம் வேறு வேறு. பல ஊர்ப் பட்டறைகளில் செய்த உதிரிகளைச் சேர்த்தால் அப்படித்தான் வரும். தோளில் வைத்து நிற்கிறவனுக்கு அது தெரியாது. காற்றில் சுழற்றுகிறவளுக்கு அதுதான் எல்லாம்.

அத்தனையையும் வண்டியில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்தோம். முதலாளியிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். பாபுதான் போட்டு உடைத்தான். "சார், பேஜாராப் பூடுச்சு. அல்லாத்தையும் பிரிக்கணும்." அவர் கணக்கு நோட்டை மூடி வைத்தார். பிறகு, "அந்தப் பொண்ணு கைக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டார். லேசான வீக்கம்தான் என்றேன். "அப்ப பிரிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கணக்குப் போடுகிறவர் என்று சொன்னேன் அல்லவா, அவர் கணக்கு சில நேரம் அப்படியும் வரும்.

பின்தகட்டைக் கழற்றி, உள்ளே இருந்த ஈயத்தை முன்னும் பின்னும் மாற்றி, எல்லா ரைபிளும் விரலில் ஒரே இடத்தில் நிற்கும்படி செய்யத் தொடங்கினோம். அப்போதுதான் அடுத்த சங்கதி தெரிந்தது. மைதானத்தில் விழுந்த ஒன்றைப் பாபு உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று கை நின்றது.

"அக்கா, இங்க வந்து பாரு."

சாயத்துக்கு அடியில் மரத்தில் ஒரு விரிசல். மேலே பாலீஷ் கண்ணாடி மாதிரி இருந்தது. அடுத்த முறை எறிந்திருந்தால் பிடிக்கிறவள் கையில் இரண்டு துண்டாக வந்து சேர்ந்திருக்கும். அந்தக் கட்டையைத் தூர வைத்தோம். காற்றில் பறக்கப்போகிற மரத்துக்குச் சாயம் கூடாது, அதன் முகம் அப்படியே தெரிய வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். எல்லாவற்றிலும் இருந்த சாயத்தைத் தேய்த்து எடுத்தோம். வெறும் எண்ணெய் மட்டும் பூசினோம். பாதி ரைபிள்கள் கறுப்பாகவும் பாதி கோதுமை நிறமாகவும் நின்றன.

திரும்பவும் மைதானத்துக்குக் கொண்டுபோனபோது கிரேஸ் மேடத்தின் முகம் மாறிவிட்டது. "இது என்ன எஸ்தர், ரெண்டு வீட்டுச் சாமான் கலந்த மாதிரி இருக்கு? போன தடவ எவ்ளோ அழகா இருந்துச்சு! திரும்ப பாலீஷ் போட முடியாதா?"

"போடலாம் மேடம். ஆனா விரிசல் விட்டா தெரியாது."

"தோற்றத்துல மார்க் போயிடுமே."

"மார்க் போனா அடுத்த வருஷம் வாங்கிக்கலாம். கை போனா எங்க மேடம் வாங்கறது?"

சொன்ன பிறகுதான் கொஞ்சம் காரமாகச் சொல்லிவிட்டோமோ என்று தோன்றியது. மேடம் ரைபிள்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் நிவேதாவும் ஷாலினியும் ஆளுக்கு ஒன்றை எடுத்துச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். ஷாலினி, "ஐயோ, சொன்ன பேச்சு கேக்குதுடி!" என்று கத்தினாள். அந்த வார்த்தைக்காக இன்னும் நாலு தடவை பிரித்து மாட்டவும் நான் தயாராக இருந்தேன்.

நிவேதா திடீரென்று சுழற்றுவதை நிறுத்தினாள். கறுப்பையும் கோதுமை நிறத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பெண்களைக் கூப்பிட்டு, கறுப்பையெல்லாம் ஒரு வரிசைக்கும் வெளிர்ந்ததையெல்லாம் எதிர்வரிசைக்கும் கொடுத்தாள். "மேடம், இங்க வந்து நின்னு பாருங்க. ஒரே ஒரு தடவ."

எல்லாரும் மனதுக்குள் எண்ணினார்கள். உதடுகூட அசையவில்லை. ஒரே நேரத்தில் அத்தனை ரைபிள்களும் எழும்பின. நடுவானில் கறுப்பும் வெளுப்பும் ஒன்றையொன்று தாண்டிச் சென்றன. படார் என்று ஒரே சத்தத்தில் கைகளில் போய்ச் சேர்ந்தன. கறுப்பு வரிசை வெளுப்பாகிவிட்டது, வெளுப்பு வரிசை கறுப்பாகிவிட்டது. யாரோ விசிறியைத் திருப்பிக் காட்டின மாதிரி.

கிரேஸ் மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "இன்னொரு தடவ பண்ணுங்க" என்றார். அன்றைக்கு எத்தனை 'இன்னொரு தடவை' என்று கணக்கே இல்லை.

போட்டி நாள். தாம்பரத்தை ஒட்டிய பெரிய மைதானம். பந்தல், வாத்தியம், கரும்புச்சாறு வண்டி, பிள்ளைகளைத் தோளில் ஏற்றிய அப்பாக்கள் என்று கூட்டம் நெரிந்தது. நிவேதாவின் அம்மாவும் தம்பியும் முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார்கள். நானும் பாபுவும் கருவிப் பையோடு பந்தலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். கூடவே அவசரத்துக்கு என்று உபரியாக ஒரு ரைபிள். வெள்ளத்தில் தப்பித்த கறுத்த கட்டை. கையில் பிடித்து நிற்பதற்கு நன்றாக இருக்கும். ஆனால் அதை எறிவதற்கு ஏற்றபடி எடை மாற்ற நேரம் கிடைக்கவில்லை.

எங்கள் அணிக்கு முந்தின அணி மைதானத்தில் இறங்கியிருந்தது. அப்போது ஷாலினி என்னிடம் வந்தாள். கையில் அவளுடைய கோதுமை நிற ரைபிள். கைப்பிடிக்குக் கீழே கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது முன்னாடி இருந்துச்சா?"

வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். மயிரிழை மாதிரி ஒரு கோடு. முந்தின நாள் நானே தடவிப் பார்த்தபோது இல்லை. வெயிலில் மரம் வாய் திறந்திருந்தது. மரத்துக்கு அப்படி ஒரு குணம் உண்டு, நாம் என்ன செய்தாலும் அது தனக்குத் தோன்றிய நேரத்தில்தான் பேசும்.

பாபு பையைத் திறந்துவிட்டான். "அக்கா, பித்தளக் கம்பி கீது. இழுத்துச் சுத்தி ஒரு பட்ட போட்ரலாம். ரெண்டு நிமிசம்."

செய்யலாம்தான். பார்க்கிறவர்களுக்கு அலங்காரம் மாதிரிகூட இருக்கும். கம்பி பிடித்தாலும் பிடிக்கும். 'பிடித்தாலும் பிடிக்கும்' என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. ஷாலினி எறிந்தால் பிடிக்கப்போகிறவள் நேர் எதிரே நிற்கும் நிவேதா. அணியிலேயே உயரமாக எறிகிறவள் அவள்தான். அவர்கள் இருவரும் கடைசியில் தனியாக எறியும் உயர வீச்சுதான் அந்த ஆட்டத்தின் உச்சம். அதற்காகவே அவள் வெள்ளம் புகுந்த வீட்டை விட்டுவிட்டு ஆட்டோவில் வந்தாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். மைதானத்தில் கைதட்டல் கேட்டது. முந்தின அணி முடிக்கப்போகிறது.

"வேண்டாம்" என்றேன். "இது பறக்கக் கூடாது."

ஷாலினியின் கண் நிறைந்துவிட்டது. "அப்ப நான் நிக்கட்டுமா வெளிய?"

கிரேஸ் மேடம் வந்துவிட்டார். உபரி ரைபிளைக் காட்டி, "இத எறியலாமா?" என்றார். அதையும் எறியக் கூடாது என்றேன். மைதானத்தில் பிடித்துக்கொண்டு நிற்கலாம், அவ்வளவுதான். மேடம் வேகமாக யோசித்தார். "சரி. ஷாலினி அதப் பிடிச்சிட்டு ஓரத்துல நிக்கட்டும். நிவேதா, நீ வேற ஜோடியோட எறி. உயர வீச்சு போகக் கூடாது."

நிவேதா ஷாலினியைப் பார்த்தாள். வீங்கி வடிந்திருந்த அந்த மணிக்கட்டைப் பார்த்தாள்.

"மேடம், இவள மட்டும் நிக்க வெச்சா இவ ஏதோ தப்பு பண்ண மாதிரி தெரியும். நானும் நிக்கிறேன்."

"நீயா? நீ எறியலன்னா..."

"நாங்க ரெண்டு பேரும் நடுவுல எதிரெதிரா நிக்கிறோம். ஆடாம, அசையாம. எங்க ரெண்டு பக்கமும் மத்தவங்க எறியட்டும்." ஒரு மூச்சு விட்டுவிட்டு, "நடுவுல நிக்கணும்னா தைரியம் வேணும் மேடம். ஷாலினிக்கு இருக்கு" என்றாள்.

யோசிக்க நேரம் இல்லை. பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஷாலினி உபரி ரைபிளை வாங்கிக்கொண்டாள். மேடம் சிலுவை போட்டுக்கொண்டார். பாபு கையிலிருந்த கம்பியைத் தன் விரலிலேயே சுற்றிக்கொண்டிருந்தான்.

அவர்கள் நடந்து போனதும், சுற்றியதும், தோள் மாற்றியதும் எனக்குச் சரியாக நினைவில்லை. என் கண் அந்த இரண்டு பெண்களிடமே இருந்தது. எறியும் நேரம் வந்தது. இரு பக்கமும் ரைபிள்கள் எழும்பிப் பறந்தன. கறுப்பு வெளுப்பானது, வெளுப்பு கறுப்பானது. நடுவில் நிவேதாவும் ஷாலினியும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். முகத்துக்குப் பக்கத்தில் ரைபிள்கள் காற்றைக் கிழித்துக்கொண்டு போயின. கண் இமைக்கவில்லை. மறுபடி எழும்பின, மறுபடி நிறம் மாறின. அத்தனை பேர் கூடியிருந்த மைதானத்தில் கரும்பு மிஷினின் மணிச்சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கரும்புக்காரனும் நிறுத்திவிட்டான்.

கடைசி ரைபிள் கையில் படார் என்று வந்து சேர்ந்தது. அப்புறம் ஒரு சத்தம் எழும்பியது பாருங்கள், பந்தல் துணி படபடத்தது. நிவேதாவின் தம்பி நாற்காலிமேல் ஏறி நின்று, "எங்கக்கா! அது எங்கக்கா!" என்று கத்தினான். அவன் அம்மா அவனை இறக்கப் போனவர், தானும் கத்த ஆரம்பித்துவிட்டார்.

முடிவு சொல்வதற்கு முன்னால் நடுவர்களில் ஒருவர் எங்கள் பந்தலுக்கு நடந்து வந்தார். ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி, விறைப்பான மீசை. ரைபிள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு கலர்ல இருக்கு. அதுக்கு மார்க் குறைச்சிருக்கோம்" என்றார். மேடம் தலையாட்டினார். அவர் நகரவில்லை. "ஆனா நடுவுல ரெண்டு பேர நிக்க வெச்சீங்களே. எல்லாம் பறக்குது, அது ரெண்டு மட்டும் தூண் மாதிரி. எத்தனையோ அணிவகுப்பு பாத்திருக்கேன், இத நான் பாத்ததில்ல. யாரு யோசிச்சது?"

மேடம் நிவேதாவைப் பார்த்தார். நிவேதா ஷாலினியைப் பார்த்தாள். ஷாலினி என்னைப் பார்த்தாள். என் பின்னால் நின்ற பாபு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அது மரம் யோசிச்சது சார்" என்றான்.

மீசைக்காரர் அரை நிமிடம் அவனை முறைத்தார். பிறகு அவர் சிரிக்க ஆரம்பித்ததும் எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மேடம்தான் விரிசல்விட்ட ரைபிளைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்து நடந்ததைச் சொன்னார். அவர் கட்டைவிரலால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தார். "இத யாரு கண்டுபிடிச்சது?" என்று கேட்டார். ஷாலினி கையைத் தூக்கினாள். அவர் நிமிர்ந்து நின்று அவளுக்கு ஒரு சல்யூட் வைத்தார். அவள் பதிலுக்குச் சல்யூட் வைப்பதற்குள் அழுதுவிட்டாள்.

முதல் பரிசு எங்களுக்குத்தான். தோற்றத்தில் குறைந்த மார்க்கைத் தாண்டி ஜெயித்தார்கள். திரும்பி வரும்போது வேனில் இடமில்லாமல் நானும் பாபுவும் ரைபிள்களோடு பின்னால் உட்கார்ந்துகொண்டோம். ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டிகள் நகராமல் நின்றிருந்தன. பெண்கள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பாடிய பாட்டுக்கு, பக்கத்துப் பஸ்ஸில் இருந்தவர்களும் சேர்ந்து தட்டினார்கள். கிரேஸ் மேடம் எல்லோருக்கும் வாங்கித்தந்த பிரியாணியை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். அவர் என் தட்டில் தன் முட்டையையும் எடுத்து வைத்துவிட்டு, "அன்னிக்கு நீங்க காரமாச் சொன்னீங்கல்ல எஸ்தர், அது சரியான காரம்" என்றார்.

அடுத்த மாதமே இன்னும் சில கல்லூரிகளில் இருந்து, இரண்டு நிற ரைபிள்தான் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். வெளிர்ந்த கட்டை போதவில்லை. முதலாளி சாக்குச் சாக்காகத் தேடவிட்டார். "ரெண்டு வீட்டுச் சாமான் கலந்த மாதிரி வேணுமாம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

உங்களுக்கும் ஒருநாள் அந்த நிமிடம் வரும். வாசலில் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், கையில் கம்பி இருக்கும், ஒரு பிள்ளை கண் கலங்கி நிற்கும். வேண்டாம் என்று சொல்ல வேண்டியது உங்கள் வேலை. சொன்னால் எல்லாம் முடிந்துபோகும் என்றுதான் எனக்கும் பயமாக இருந்தது. ஒன்றும் முடிந்துபோகவில்லை. நான் வேண்டாம் என்று சொன்ன இடத்தில் இருந்துதான் நிவேதா ஆரம்பித்தாள். பொருளைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட்டு, அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். நாம் நினைப்பதைவிடக் கெட்டிக்காரர்கள் அவர்கள்.

சரி, பேசியது போதும். சாக்குகள் வாசலில் வந்து இறங்கியிருக்கின்றன, பாபு டீ சொல்லியிருக்கிறான். கையை முதுகுக்குப் பின்னால் கட்டியிருப்பவர்கள் அவிழ்த்துக்கொள்ளுங்கள். வாருங்கள், பிரித்துப் பார்க்கலாம்.